திங்கட்கிழமை வாடை

இந்த வலது கையால் நூறு ஆட்டுக்காவது பிரசவம் பார்த்திருப்பேன். டீக்கடையில் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய். பார்த்தது ஒரே ஒரு ஆட்டுக்கு. அதையும் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

என் வீட்டுக்கும் நான் வேலை செய்கிற மெஷினுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஒரகடத்துப் பக்கம், எங்கள் கொல்லை முடிகிற இடத்தில் கம்பெனியின் காம்பவுண்டு தொடங்குகிறது. சிமென்ட் சுவர், மேலே முள்கம்பி. ஏறிக் குதித்தால் இருபது எட்டில் என் மெஷின். ஆனால் கேட் அந்தப் பக்கம் இருக்கிறது. அதனால் தினமும் இரண்டு கிலோமீட்டர் சைக்கிளில் சுற்றிப் போய், சொந்த வீட்டு ஆட்டுப்புழுக்கை வாசம் அடிக்கிற இடத்திலேயே எட்டு மணி நேரம் நிற்கிறேன். கான்ட்ராக்ட் ஆள். மூன்றாவது வரை படித்தேன் என்று கம்பெனியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்றாவதில் உட்கார்ந்தேன் என்பதுதான் சரி.

வேலை பெரிய வேலை இல்லை. அலுமினியத் துண்டை உள்ளே மாட்ட வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், பட்டனை அமுக்க வேண்டும். உள்ளே உளி வெட்டும்போது சூடேறாமல் இருக்க, கூலன்ட் என்று ஒன்று பீய்ச்சிக்கொண்டே இருக்கும். தண்ணீரில் எண்ணெய் கலந்தது. பார்க்கப் பால் போல இருக்கும், தொட்டால் வழவழவென்று இருக்கும். அடியில் உள்ள தொட்டியில் விழுந்து, அதே தண்ணீர் திரும்ப மேலே வரும். ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாது. தொட்டியில் தேங்கிய கூலன்ட் ஊசிப்போகும். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு முதல் ஷிப்டில் மெஷினைப் போட்டதும் அந்த ஊசல் வாடை கிளம்பும். சுவரில் ஒரு பெரிய ஃபேன் இருக்கிறது. அது வாடையை அப்படியே வாரி எங்கள் கொல்லையில் கொட்டும். என் பெண்டாட்டி அதற்குத் திங்கட்கிழமை வாடை என்றே பேர் வைத்திருந்தாள். "நீ கம்பெனி போனா உன் நாத்தம் மட்டும் வூட்டுக்கு வந்துடுது" என்பாள்.

ஆடுகள் அவளுடையவை. அவளும் ஒரு கம்பெனி லைனில் வருஷக்கணக்காக நின்றவள். முட்டி தேய்ந்துபோய் வேலையை விட்டதும் முதலில் வாங்கியது செவலையை. பிறகு ஏழு ஆடாயிற்று. மற்ற ஆறும் ஆடுகள். செவலை அவளுக்கு ஆள். சாயங்காலம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்வாள். என்னிடம் சொல்ல மாட்டாள். நான் நடுவில் பேசுவேனாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை படப்பையில் அவள் தங்கை வீட்டில் காதுகுத்து. செவலைக்கு மடி இறங்கி, வால் பக்கம் பள்ளம் விழுந்திருந்தது; இன்றோ நாளையோ குட்டி போடும். போகவா வேண்டாமா என்று காலையிலிருந்து வாசலுக்கும் கொட்டகைக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"யோவ், நோவு எடுத்தா எனக்கு ஒரு போன் போடு. மாட்டு டாக்டரம்மா நம்பரு செவுத்துல எழுதிகீது."

"போய்ட்டு வாமே. நான் பாத்துக்க மாட்டனா?"

"நீ பாக்கவே வாணாம். கைய கிய்ய உள்ள வுட்டே, அந்தக் கையால சோறு துன்ன வுடமாட்டேன். சொல்லிட்டேன்."

ஷேர் ஆட்டோ ஏறிப் போய்விட்டாள்.

பதினொரு மணிக்குச் செவலைக்கு நோவு எடுத்தது. பனிக்குடம் உடைந்தது. ஒரு குளம்பு வெளியே தெரிந்தது, கூடவே மூக்கு நுனி. இன்னொரு கால் வரவில்லை. முக்கியது, படுத்தது, எழுந்தது, மறுபடி முக்கியது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. சுவரில் நம்பர் இருந்தது. சட்டைப்பையில் போன் இருந்தது. முந்தாநாள்தான் டீக்கடையில் நூறு பிரசவக் கதையை விட்டிருந்தேன். அதில் ஒன்றாவது நிஜமாகட்டுமே என்று தோன்றியது. என் வாழ்க்கையில் நடந்த கெட்டதெல்லாம் இந்த 'தோன்றியது'க்கு அடுத்த வரியில்தான் நடந்திருக்கிறது.

வழுக்கலுக்கு எதையாவது கையில் பூச வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். விளக்கெண்ணெய் சமையல்கட்டில் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பாத்ரூம் கதவின் துருப்பிடித்த கீலுக்கு விடுவதற்காக, கூலன்டை ஒரு தண்ணீர் பாட்டிலில் பிடித்து வந்து வைத்திருந்தேன். கேட்டில் யாரும் பார்க்காமல்தான் கொண்டுவந்தேன். எங்கள் தெருவில் பாதி வீட்டில் அது இருக்கும். கீலுக்கு, சைக்கிள் செயினுக்கு, கடப்பாரைக்கு. அந்த பாட்டிலைக் குலுக்கி முழங்கை வரை ஊற்றிக்கொண்டேன். கம்பெனியில் இத்தனை பெரிய துண்டே இதில் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது, ஒரு ஆட்டுக்குட்டி வழுக்காதா என்று நினைத்தேன். அந்தக் கூலன்ட் தொட்டியின் அடியில் பிடித்தது. அலுமினியப் பொடி அதில்தான் படிந்து கிடக்கும். மூடியைத் திறந்தபோதே வாடை அடித்தது. அதையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றினேன்.

கையை உள்ளே விட்டேன்.

உள்ளே அத்தனை சூடாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்து வைத்தால் ஒன்றும் புரியவில்லை, மூடினால் கொஞ்சம் புரிந்தது. தலை. கழுத்து. மடங்கிக் கிடந்த இன்னொரு கால். விரலை வாய்ப் பக்கம் நகர்த்தினேன். அப்போது ஏதோ என் ஆள்காட்டி விரலைப் பிடித்துச் சப்பியது.

சிரித்துவிட்டேன். யாருமில்லாத கொல்லையில், மத்தியான வெயிலில், ஒரு ஆட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு, தனியாகச் சிரித்தேன். "இருடா, வந்துட்டேன்" என்று சொன்னேன்.

பிறகு இழுத்தேன். வரவில்லை. மடங்கின காலை நிமிர்த்தாமலே இழுத்தேன், எப்படி நிமிர்த்துவது என்று தெரியாது. என் காலைச் செவலையின் வயிற்றில் முட்டுக் கொடுத்து இழுத்தேன். ஒரு கட்டத்தில் உள்ளே ஏதோ விட்டுக்கொடுத்தது. பழைய வேட்டி கிழிகிற மாதிரி. சத்தம் காதுக்குக் கேட்கவில்லை, கைக்குத்தான் கேட்டது. செவலை ஒரே ஒரு முறை கத்தியது. அதற்குப் பிறகு அது கத்தவில்லை.

குட்டி வந்தபோது செத்திருந்தது. நாக்கு வெளியே தொங்கியது. என் விரலைச் சப்பின நாக்கு. வாயில் ஊதினேன், காலைப் பிடித்துச் சுற்றினேன். ஒன்றும் இல்லை. அது கிடக்கும்போதே இரண்டாவது குட்டி யார் உதவியும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. பெட்டை. தும்மியது.

செத்ததைச் சுவரோரம், ஃபேனுக்கு நேர் கீழே, ஒரு முழம் தோண்டிப் புதைத்தேன். மண்ணை மிதித்துச் சமன் செய்து, மேலே கொஞ்சம் சருகு போட்டேன். போரிங் பம்பில் கையைக் கழுவினேன். சோப்பு போட்டேன், சீயக்காய் போட்டேன். பாட்டிலைப் பழையபடி பாத்ரூமில் வைத்தேன்.

நாலு மணிக்கு அவள் வந்தாள். கையில் லட்டுப் பை.

"போட்டுடுச்சா? ஏன்யா போன் போடல?"

"போட்றதுக்குள்ள அதுவே போட்டுடுச்சிமே."

"ஒரே குட்டியா? வயித்த பாத்தா ரெண்டுன்னு இல்ல நெனச்சேன்."

"ஒண்ணுதான். நான் தள்ளி குந்திகினு பாத்துகினு இருந்தேன். கை கூட வெக்கல."

செய்யாததையெல்லாம் செய்தேன் என்று சொல்லியே வளர்ந்தவன் நான். செய்ததைச் செய்யவில்லை என்று சொன்னது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை காலை மெஷினைப் போட்டேன். வாடை வந்தது. எப்போதும் வருவதுதான். ஆனால் அது தொட்டியிலிருந்து வருகிறதா, என் கையிலிருந்து வருகிறதா என்று எனக்குச் சந்தேகமாகப் போயிற்று. கையை மோந்தேன். தொட்டிப் பக்கம் குனிந்து மோந்தேன். திரும்பக் கையை மோந்தேன்.

பக்கத்து மெஷினில் திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி ஒருவன். "என்ன அண்ணாச்சி, காலையில இருந்து கையையே மோந்துகிட்டு இருக்கீய? நேத்து பிரியாணியோ?" என்றான்.

"ஆமாடா. ஆட்டுக்கறி" என்றேன். சொல்லிவிட்டுக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டேன்.

மதியம் ஷிப்டு முடிந்து வந்து பார்த்தால், செவலை கொட்டகையில் இல்லை. சுவரோரம் நின்றுகொண்டிருந்தது. ஃபேனுக்கு நேர் கீழே. முதுகைக் கூனிக்கொண்டு, நாலு காலையும் ஒன்று சேர்த்து, மூக்கு சுவரைத் தொடுகிற மாதிரி நின்றது. எந்த இடம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

"காலையில இருந்து அங்கயே நிக்கிது" என்றாள் பெண்டாட்டி. "இஸ்துகினு வந்து கொட்டாயில வுட்டா, திரும்ப அங்கயே போய் நிக்கிது. தழ வெச்சா மோந்துகூட பாக்கல. அங்க இன்னா கீது?"

"நெழலு கீதுல்ல. குளுச்சிக்கு நிக்கும்."

சுவரோரம் அப்போது நிழல் இல்லை. வெயில் நேராக அங்கேதான் விழுந்துகொண்டிருந்தது.

குட்டி பால் குடிக்க மடிக்குப் போயிற்று. செவலை உதைக்கவில்லை, நக்கவுமில்லை. குட்டி போட்ட ஆடு அடித்தொண்டையில் ஒரு சத்தம் கொடுக்கும், குட்டிக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அந்தச் சத்தம் இல்லை. வாயை மட்டும் திறந்து மூடியது. கிட்டே போனால் வேறு ஒரு சத்தம் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. கீழ்த்தாடை மெதுவாக இப்படியும் அப்படியும் போகும், கரகரவென்று. எண்ணெய் வற்றிய பேரிங் அப்படித்தான் சத்தம் போடும்.

மற்ற ஆறு ஆடும் கொல்லையின் அந்தக் கோடியில் நின்றன. ஆறும் செவலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இருட்டும்வரை ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் இரண்டாவது ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டேன். பெண்டாட்டி போன் போட்டதில் பத்து மணிக்கு டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்தார். செவலை அப்போதும் சுவரோரம்தான் நின்றது. அவர் அதன் காதைத் தொட்டுப் பார்த்தார். ஜுரம் பார்த்தார். வயிற்றை இரண்டு கையாலும் அமுக்கினார். பலகை மாதிரி விறைத்திருந்தது. செவலை பல்லைக் கடித்தது.

"எத்தனை குட்டி?"

"ஒண்ணுதாங்க" என்றேன்.

"பிரசவம் கஷ்டமா இருந்துச்சா? யாராவது உள்ள கை விட்டு இழுத்தீங்களா?"

நான் நின்றுகொண்டிருந்த இடத்தைக் கவனித்தேன். சருகு போட்ட இடத்தின்மேல் நின்றுகொண்டிருந்தேன். எப்போது அங்கே போய் நின்றேன் என்று தெரியவில்லை. கால் நகரவில்லை.

"இல்லீங்க டாக்டரம்மா. கஷ்டமா? பேப்பர்காரன் பேப்பர போட்டுட்டு போற மாறி போட்டுட்டு அது பாட்டுக்கு போய்கினே கீது."

டாக்டரம்மா சிரித்தார். என் பெண்டாட்டி சிரிக்கவில்லை.

"அப்ப சரி" என்றார் அவர். "எதுக்குக் கேக்கறேன்னா, கை விட்டிருந்தா கதை வேற. கர்ப்பப்பை கிழிஞ்சிருந்தா உள்ள இருக்கிற அழுக்கெல்லாம் வயித்துக்குள்ள எறங்கிடும். வயிறு முழுக்கச் சீழ் வெச்சிடும். அது ஊசிக்கு நிக்காது. உடனே வயித்தத் தொறந்து கழுவித் தைக்கணும். இன்னிக்கே செஞ்சா பொழைக்க வாய்ப்பு இருக்கு, நாள் போனா இல்ல. கை விடலன்னு உறுதியா சொல்றீங்கல்ல?"

"உறுதிங்க."

நஞ்சுக்கொடி ஏதாவது உள்ளே தங்கி ஜுரம் வந்திருக்கும் என்று ஊசி போட்டார். நாளைக்கும் இப்படியே இருந்தால் கூப்பிடச் சொன்னார். ஸ்கூட்டர் கிளம்பினது. கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். தெருமுனை திரும்பும்வரை நேரம் இருந்தது. ஸ்பீட் பிரேக்கரில் அவர் மெதுவாகக்கூடப் போனார்.

அன்றைக்கு ஷிப்டில் என் மெஷினுக்குள் கரகரவென்று சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் நின்றுவிடும். மூடினால் கேட்கும். மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிட்டேன். ஒரு கம்பியை மெஷினில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டான்.

"சத்தமே இல்லியே ப்ரோ. பேரிங் சூப்பரா கீது."

"நல்லா கேளுடா."

"உனுக்குத்தான் பேரிங் போயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் நின்ற இடத்துக்கு இருபது எட்டு பின்னால் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் செவலையின் மூக்கு. நடுவில் ஒன்பது அங்குலம் சிமென்ட். அவ்வளவுதான் தூரம் என்று அன்றைக்குத்தான் நிஜமாகக் கணக்குப் போட்டேன்.

புதன்கிழமை மறுபடி முதல் ஷிப்டு. காலையில் கிளம்பும்போது செவலையின் காதைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. ஜுரம் போய்விட்டது, தேறிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். எனக்கு நானே சொல்வதையும் நான் நம்புவதில்லை. எட்டு மணிக்குக் கரகரச் சத்தம் கேட்டது. ஒன்பது மணிக்குச் சத்தம் நின்றுவிட்டது. நின்றதுதான் தாங்கவில்லை. சூப்பர்வைசரிடம் போய் நின்றேன்.

"சார், பர்மிஷன் வேணும். வூட்ல ஆட்டுக்கு முடியல."

"உன் பெரியப்பா ஏற்கெனவே மூணு தபா செத்துட்டாரு. இப்ப ஆடா?"

"சார், இது நெஜம் சார்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, போ என்று கையைக் காட்டிவிட்டார்.

இரண்டு கிலோமீட்டர் சுற்றி வந்து சேர்ந்தேன். செவலை படுத்திருந்தது, அதே இடத்தில். முன்னங்காலால் மண்ணைப் பறித்திருந்தது. பறித்த பள்ளத்தில் சின்னதாக ஒரு குளம்பு வெளியே தெரிந்தது. பக்கத்தில் என் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள். மண்வெட்டி அவள் மடியில் குறுக்காகக் கிடந்தது. தோண்டியிருக்கவில்லை. அதற்குமேல் தோண்ட வேண்டியிருக்கவில்லை.

என்னென்னவோ சொல்ல வாய் திறந்தேன். நாய் கொண்டுவந்து போட்டிருக்கும் என்றுகூட ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. என் நாக்கு அப்படி.

"நான்தான்மே" என்றேன். "கைய வுட்டேன். இஸ்தேன். உள்ள என்னமோ கிழிஞ்சிச்சி. மொத குட்டி செத்துட்ச்சி."

அவள் தலையைத் தூக்கவில்லை. "என்னான்ட சொல்லாத. டாக்டரம்மாவுக்கு போன் போட்டு அவங்களாண்ட சொல்லு. எல்லாத்தையும் சொல்லு."

சொன்னேன். கூலன்ட் வரைக்கும் சொன்னேன். "வரேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அரை மணி நேரத்தில் வந்தார். வயிற்றில் கொஞ்சம் இடத்தில் மயிரை வழித்து, மருந்து தடவி, ஊசியைக் குத்தி இழுத்தார். டீத்தண்ணி நிறத்தில் வந்தது. அதை ஒரு சில்வர் கிண்ணத்தில் விட்டார். வாடை எழுந்தது. நான் இரண்டு எட்டு பின்னால் போனேன். பெண்டாட்டி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சுவர் ஃபேனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னிக்கி புதங்கெழம தான?" என்றாள்.

டாக்டரம்மா கிண்ணத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். உள்ளே ஏதோ மினுங்கியது. ஜிகினாத் தூள் மாதிரி.

"இது என்ன?"

"அலுமினியங்க" என்றேன். பாத்ரூமிலிருந்து பாட்டிலை எடுத்து வந்து காட்டினேன். அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுக் கிண்ணத்தையும் மோந்தார். பாட்டிலை மூடி என் கையில் கொடுத்தார்.

"நேத்து சொல்லியிருந்தா" என்று ஆரம்பித்தவர் என் பெண்டாட்டியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்புறம் அவளிடம் மட்டும் பேசினார். "வயிறு முழுக்கப் பரவிடுச்சும்மா. உடம்பு குளுந்துபோச்சு. இப்ப தொறந்தா கத்தி வெக்கும்போதே போயிடும். தொறக்காட்டி சாயந்தரம் வரைக்கும் இப்படியே கிடக்கும். நீங்க சொல்லுங்க."

அவள் செவலையின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இதுக்குமேல வலிக்க வாணாம்" என்றாள்.

டாக்டரம்மா மருந்தை எடுத்தார். அப்போது செவலை கழுத்தை நீட்டி, பறித்த பள்ளத்தின் பக்கம் மூக்கைக் கொண்டுபோய், அந்தச் சத்தத்தைக் கொடுத்தது. அடித்தொண்டையில். குட்டிக்கு மட்டும் கொடுக்கிற சத்தம். மூன்று நாளாக வராத சத்தம். உயிருள்ள குட்டி கொட்டகையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பக்கம் செவலை திரும்பவே இல்லை.

ஊசி போட்டு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கல்லு சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்கச் சொல்லிவிட்டு டாக்டரம்மா போனார். ஆளுயரத்துக்குத் தோண்டினேன். தாயையும் குட்டியையும் சேர்த்தே வைத்தேன். மூடி முடிக்கும்வரை பெண்டாட்டி திட்டுவாள் என்று காத்திருந்தேன். கடைசி மண்வெட்டி மண்ணைப் போட்டதும்தான் பேசினாள்.

"ஆடு போவும் வரும்யா. டாக்டரம்மா கேட்டாங்கோ பாரு, அப்ப உன் மூஞ்சையேதான் பாத்துகினு இருந்தேன். நீ சிரிச்சிகினு இருந்த."

அதற்குப் பிறகு ரொம்ப நாள் நான் வேடிக்கை பேசினால் அவள் என் வாயைப் பார்ப்பதில்லை, கண்ணைப் பார்ப்பாள். இப்போதும்தான். டீக்கடையில் என் நூறு பிரசவமும் அன்றோடு முடிந்தது. யாராவது ஆட்டுக்குட்டிப் பேச்சை எடுத்தால் கிளாஸை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

சுட்டிக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்தோம். இரண்டு நாள் ரப்பர் நிப்பிளை வாயிலேயே வாங்கவில்லை. அது செத்தால் என்னோடு அவள் பேச ஒன்றுமே மிச்சமிருக்காது என்று எனக்குத் தெரிந்தது. பாத்திரம் கழுவிய கையோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அது எழுந்து வந்து என் வலது கையைத் தேடியது. இடது கையைக் கொடுத்தேன். தள்ளிவிட்டது. வலது கையின் ஆள்காட்டி விரலைப் பிடித்துச் சப்பியது.

பெண்டாட்டி வாசலில் நின்று பார்த்தாள். "அப்டியே வெச்சிரு. வெரலோட சேத்து நிப்பிள குடு" என்றாள். குழியை மூடிய பிறகு அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. கொடுத்தேன். குடித்தது. அதே வேகம், அதே நாக்கு. இது விரலைப் பிடித்தது வெளியே. அது பிடித்தது உள்ளே. விரலுக்கு வித்தியாசம் தெரியவில்லை. உள்ளே ஒன்று சப்பியதை நான் டாக்டரம்மாவிடமும் சொல்லவில்லை, பெண்டாட்டியிடமும் சொல்லவில்லை. இந்த நோட்டில் எழுதும்போதுதான் முதலில் சொல்கிறேன்.

குட்டி வளர்ந்தது. வளர வளர ஒரு பழக்கம் வந்தது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மெஷின் போட்டு, ஃபேன் வாடையைக் கொல்லையில் கொட்டியதும், எங்கே மேய்ந்தாலும் விட்டுவிட்டு வந்து சுவரோரம் நிற்கும். ஃபேனுக்கு நேர் கீழே. மூக்கு சுவரைத் தொடுகிற மாதிரி. கத்தும். பசிக்கிற கத்தல் இல்லை. தாயைத் தேடுகிற கத்தல். ஒரு குட்டிக்கு முதலில் எது மூக்கில் ஏறுகிறதோ அதுதான் அதற்குத் தாய் வாசம் என்று பெண்டாட்டி சொன்னாள். அது பிறந்த அன்று அதன் மூக்கில் முதலில் ஏறியது என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதற்குமேல் பேசவில்லை.

உள்ளே மெஷின் முன்னால் நிற்கிற எனக்கு அந்தக் கத்தல் கேட்கும். அத்தனை இரைச்சலில் யாருக்கும் கேட்காது. திருநெல்வேலித் தம்பியைக் கேட்டேன். "ஒண்ணும் கேக்கலியே அண்ணாச்சி" என்றான். எனக்குக் கேட்டால் கேட்கட்டும் என்று நான் பட்டனை அமுக்குவேன்.

இப்போது அந்தச் சுட்டிக்கே வயிறு பெருத்து, மடி இறங்கியிருக்கிறது. போன வாரம் கம்பெனியில் தொட்டிகளையெல்லாம் கழுவிப் புதுக் கூலன்ட் நிரப்பினார்கள். நான்தான் கழுவினேன். இந்தத் திங்கட்கிழமை வாடையே இல்லை. சுத்தமாக இல்லை. எனக்கு இரண்டாவது ஷிப்டு, வீட்டில்தான் இருந்தேன். ஆறு மணிக்குச் சுவர் ஃபேன் சுற்றத் தொடங்கியது. சுட்டி எழுந்து சுவரோரம் போயிற்று. நின்றது. மோந்தது. பிறகு திரும்பியது. இதுவரை அது அங்கே நின்று திரும்பிப் பார்த்ததே இல்லை. நேராக என்னிடம் வந்து, என் வலது கையில் மூக்கை வைத்து, அடித்தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்தது. அது குட்டி கொடுக்கிற சத்தம் இல்லை. அது தாய் கொடுக்கிற சத்தம். சினை ஆட்டுக்கு அந்தச் சத்தம் வருமா என்று எனக்குத் தெரியாது. வந்தது. நான் கையை எடுக்கலாம் என்று பார்த்தால், விரல்—

"யோவ், இன்னா எழுதிகினே கீற? வா இங்க. சுட்டிக்கு பனிக்கொடம் ஒடஞ்சிட்ச்சி. டாக்டரம்மாவுக்கு போன் போட்டுட்டேன், ஸ்கூட்டர் எடுத்துட்டாங்களாம். நீ வந்து தலைய மட்டும் புடிச்சிக்க. எடது கையால."